மில்லக்காவின் கோழி

மில்லக்கா அலுமினிய அண்டாவுக்குள் முழங்கை வரை கையை விட்டு மக்காச்சோளத்தைக் கசக்கிக்கொண்டிருந்தாள். சாம்பல் கரைத்த சுடுதண்ணீர். தேய்க்கத் தேய்க்க, மணிகளில் பூசியிருந்த ரோஸ் நிறம் கழன்று தண்ணீரில் இறங்கியது. முதல் தண்ணீர் காயம் கழுவிய தண்ணீர் போல இருந்தது. அதைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் விட்டாள். அதுவும் வெளுத்த பிறகு ஒரு மணியை எடுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். மஞ்சள். சோளம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி.

கைதான் அப்படி இல்லை. உள்ளங்கை ரேகைகளுக்குள் ரோஸ் நிறம் போய் உட்கார்ந்துவிட்டது. செங்கல் தூள் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

அது விதைச் சோளம். விதைப்பதற்காக, பூச்சி அரிக்காமல் மருந்து பூசி, நிவாரண லாரியில் வந்தது. இது அவளுக்குத் தெரியும். தெருவில் எல்லோருக்கும் தெரியும். பாவம், தெரியாமல் செய்துவிட்டார்கள் என்று பின்னால் சிலர் பரிந்து பேசினார்கள். அது உண்மையில்லை.

ஆறு இரண்டு தடவை கரையை உடைத்திருந்தது. முதல் தடவை வயலில் நின்ற பயிரையும், வீடுகளில் சேர்த்து வைத்திருந்த தானியத்தையும் கொண்டுபோனது. இரண்டாம் தடவை பாலத்தைக் கொண்டுபோனது. பாலம் போவதற்கு முன் கடைசியாக இக்கரைக்கு வந்து சேர்ந்தது விதை லாரி. பருவம் தப்பினால் அடுத்த வருஷமும் பட்டினிதான் என்று யாரோ நல்ல மனதோடு யோசித்து அதை முந்தி அனுப்பியிருந்தார்கள். மாவும் பருப்பும் ஏற்றி வந்த லாரி அக்கரையிலேயே நின்றுவிட்டது. ஆக, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மூட்டை விதை இருந்தது. அடுப்பில் வைக்க ஒன்றும் இல்லை.

லாரியில் வந்த பெண் ஒலிபெருக்கியில் தொண்டை கட்டும் வரை சொன்னாள்: "இது விதை. சாப்பிடக் கூடாது. ஆடு மாட்டுக்கும் போடக் கூடாது." மூட்டையின் மேல் மண்டை ஓட்டுப் படம்கூட இருந்தது.

"அதெல்லாம் சும்மா" என்றார் பழைய தபால்காரர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஊருக்குச் செய்தி சொல்வதை அவர் விடவில்லை. "குழந்தை விரல் சப்பக் கூடாதுன்னு கசப்பு மருந்து தடவுறோம் இல்ல, அந்த மாதிரி. நாம தின்னுடுவோம்னு சாயம் அடிச்சு அனுப்பியிருக்கான். கழுவினா போகுது."

"படம் போட்டிருக்கே, அண்ணே?"

"என் படத்தை எடுத்துப் போட்டிருந்தாலும் அப்படித்தான் இருந்திருக்கும். மூணு வேளை சாப்பிட்டவன் மூஞ்சியா இது?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு மில்லக்காவைப் பார்த்தார்கள். காரணம், ஊரில் எஞ்சியிருந்த ஒரே கோழி அவளுடையது.

வெள்ளம் வந்தபோது மில்லின் தகரக் கூரையில் ஏறி உட்கார்ந்து, நீர் வடியும் வரை இறங்காமல் இருந்த கோழி அது. இறங்கி வந்தபோது நடையில் ஒரு மிதப்பு வந்துவிட்டது. "மகாராணி" என்று தெருவே கூப்பிட்டது. மகாராணிக்கு ஒரு பிடி கழுவிய சோளம் போட்டுப் பார்ப்பது என்று முடிவாயிற்று. மில்லக்காதான் போட்டாள். மகாராணி கொத்தித் தின்றது, தண்ணீர் குடித்தது, அலகை மண்ணில் துடைத்துக்கொண்டது. மறுநாள் முட்டையும் இட்டது.

"பாருங்க, என் கோழி நல்லாத்தான் இருக்கு" என்றாள் மில்லக்கா. முட்டையைக் கையில் தூக்கிக் காட்டிச் சொன்னாள்.

அந்த வார்த்தைக்கு இருந்த எடை வேறு யார் வார்த்தைக்கும் இல்லை. அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாவு மில்லில்தான் இருக்கிறாள். புருஷன் எஞ்சினைக் கவனித்தான், அவள் கல்லைக் கவனித்தாள். பிறகு புருஷன் நகரத்துக்குக் கட்டட வேலைக்குப் போய், வருவதும் போவதுமாக ஆகிவிட்டான். எஞ்சினையும் அவளே கவனித்தாள். எந்த வீட்டுக்காரர்களுக்கு நைசாக வேண்டும், எந்த வீட்டில் பல் இல்லாத கிழவர் இருக்கிறார், யார் பழைய தானியத்தைப் புதியதோடு கலந்து கொண்டுவருகிறார்கள், எல்லாம் அவளுக்குத் தெரியும். காசு இல்லாதவர்களிடம் கூலியாக ஒரு பிடி மாவு எடுப்பது மில் வழக்கம். அவள் பிடி எப்போதும் ஒரே பிடி. பணக்கார வீடு என்று விரல் விரியாது. "மில்லக்கா கைக்கு முன்னாடி தராசு என்ன பெரிய தராசு" என்பார்கள். அவளுக்கு அது பிடிக்கும். பிடிக்காதது போல முகத்தை வைத்துக்கொள்வாள்.

வெள்ளம் வடிந்ததும் அவள் முதலில் செய்த வேலை எஞ்சினைப் பிரித்துச் சேறு எடுத்துக் காயவைத்ததுதான். முட்டை இட்ட மறுநாள் மில் ஓடியது. தெருவே வரிசையில் நின்றது. தலையில் ஈரச் சோளம், காயாத சோளம், வாணலியில் வறுத்த சோளம். கல்லில் மாவு ஒட்டியது. அவள் கத்தினாள்.

"வெயில்ல போட்டு எடுத்துட்டு வாங்கன்னா கேக்குறீங்களா? கல்லுல களி கிண்டிக்கிட்டு இருக்கேன் நான்!"

"வயிறு வெயிலுக்குக் காத்திருக்குமாக்கா?"

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி. தகர டின் நிரம்பியது. அதிலிருந்து ஒரு பையைக் கட்டிப் பக்கத்து வீட்டில் இருக்கும் நாத்தனாருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

நாத்தனார் புருஷனை இழந்தவள். கடைக்குட்டிப் பெண் மட்டும் கூட இருந்தது. அது கண் விழித்ததிலிருந்து தூங்கும் வரை பேசும் என்பதால் வாயாடி என்று பெயர். நாத்தனார் தன் வீட்டு விதை மூட்டையைத் தொடவில்லை. உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தாள்.

"விதைச்சாத்தான் அண்ணி அடுத்த வருஷம். நான் கீரையை வேகவெச்சுக்குறேன். இவளுக்குத்தான் என்ன குடுக்குறதுன்னு தெரியல."

"இந்தா மாவு. கஞ்சி வெச்சுக் குடு."

"ஏது அண்ணி?"

"மில்லுல சேர்ந்தது" என்றாள் மில்லக்கா. அது பொய் இல்லை. எதை அரைத்துச் சேர்ந்தது என்று நாத்தனார் கேட்கவில்லை. அண்ணி வெள்ளத்துக்கு முன் சேர்ந்த கூலி மாவை மில் பரணில் பத்திரப்படுத்தி வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைக்கட்டும் என்று மில்லக்கா விட்டுவிட்டாள். உதவி செய்யும்போது நாலு பேர் நம்மைக் கெட்டிக்காரி என்று நினைத்தால் யார்தான் திருத்துவார்கள்.

"அத்தே, மகாராணி முட்டை எனக்குத்தானே? நாளைக்கு முட்டையும் எனக்குத்தானே? நாளன்னிக்கு முட்டை?" என்றாள் வாயாடி.

நாளைக்கு முட்டை வரவில்லை. அதற்கடுத்த சில நாட்களில் மகாராணியின் நடை மாறியது. முன்னே போக வேண்டியது பக்கவாட்டில் போனது. தலை ஒரு பக்கம் தொங்கியது. ஒரு காலை மில்லக்கா எஞ்சினுக்கு டீசல் ஊற்றப் போனபோது, மேடைக்கு அடியில் காலை நீட்டிக் கிடந்தது.

அவள் அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது. கிழட்டுக் கோழி, வெள்ளத்தில் நனைந்தது, சாகிற வயசுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே மண்வெட்டியை எடுத்தாள். மில்லின் பின்புறம் குழி வெட்டிப் புதைத்து, மேலே உடைந்த கல் ஒன்றைப் புரட்டி வைத்தாள்.

தபால்காரர் வந்து கேட்டார். "எங்கம்மா மகாராணி? ஊர்வலம் வரக் காணோம்?"

"நாய் தூக்கிட்டுப் போயிடுச்சு, அண்ணே."

"நாயா? நம்ம ஊர் நாயெல்லாம் வெள்ளத்தோட போச்சே?"

"அசலூர் நாய்."

"அசலூர் நாய் நீச்சல் அடிச்சு வந்து உன் கோழியைத் தின்னுட்டுப் போச்சாக்கும். நல்ல பசிதான்" என்று சிரித்துக்கொண்டு போனார். அவள் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து அவள் செய்தவற்றை வரிசையாகச் சொன்னால் அவளுக்கே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும். முதலில், தான் அந்த மாவைத் தின்பதை நிறுத்தினாள். டின்னை மூடி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஆற்றோரத்துக் கிழங்கைத் தோண்டி வேகவைத்துக்கொண்டாள். இரண்டாவது, எஞ்சின் பெல்ட் அறுந்துவிட்டது என்று சொல்லி மில்லை நிறுத்தினாள். பெல்ட்டைக் கழற்றி டின்னுக்குப் பக்கத்திலேயே வைத்தாள். ஜனங்கள் அம்மியிலும் உரலிலும் இடித்துக்கொண்டார்கள். மூன்றாவது, நாத்தனார் வீட்டுக்குப் போனாள்.

"அந்த மாவைக் குடு. புழு வெச்சிருக்கும், சலிச்சுத் தரேன்."

"புழுவெல்லாம் இல்ல அண்ணி. நான் சலிச்சுட்டேன். கொஞ்சம்தான் இருக்கு, இவளுக்கு ஆகும்."

வாயாடி கிண்ணத்தை வழித்து நக்கிக்கொண்டிருந்தாள். பையை வாங்க வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் கோழியைச் சொல்ல வேண்டும். கோழியைச் சொன்னால், முட்டையைத் தூக்கிக் காட்டிய கையைத் தெரு பார்க்கும். மில்லக்கா, "சரி, சீக்கிரம் தீர்த்துடு" என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்தச் சொல்லை நினைத்துத்தான் அவள் பிற்பாடு அதிகம் கூசினாள்.

பிறகு தெருவில் வாந்தி தொடங்கியது. ஒரு வீடு, இரண்டு வீடு, பிறகு மூலைக்கு மூலை. படகில் நர்ஸம்மா வந்து பள்ளிக்கூட வராந்தாவில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு உட்கார்ந்தாள். நடுத்தர வயது, ஆண்கள் போடும் ரப்பர் பூட்ஸ், பேச்சில் சுற்றி வளைப்பு இல்லை.

"வாந்தி இருக்கு, பேதி இல்ல. வெள்ளத் தண்ணியால வர்ற நோயா இருந்தா பேதிதான் முதல்ல வரும். எனக்கு இது சரியாப் படல. என்ன சாப்பிட்டீங்க?"

"கீரை" என்றார்கள்.

"வேற?"

"கிழங்கு."

"வேற?"

வேறு ஒன்றும் இல்லை. விதையைத் தின்றதாகத் தெரிந்தால் இனி நிவாரணமே கிடையாது என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். அது பாதிக் காரணம். மீதிக் காரணம், விவசாயி விதையைத் தின்றேன் என்று ஒரு வெளியாளிடம் சொல்வது. அதற்கு யார் வாயும் திறக்கவில்லை. தபால்காரர்கூடக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மில்லக்கா கூட்டத்தின் கடைசியில் கைகளைக் கக்கத்தில் அழுத்தி வைத்துக்கொண்டு நின்றாள்.

நாத்தனார் வாயாடியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நர்ஸம்மா குழந்தையின் இமையைத் தூக்கிப் பார்த்தாள், தோலைக் கிள்ளிப் பார்த்தாள், அதையே கேட்டாள்.

"எங்க வீட்டு விதை உத்தரத்துல தொங்குது, வேணும்னா வந்து பாருங்கம்மா" என்றாள் நாத்தனார். அவளுக்குத் தெரிந்த வரை அது அத்தனையும் உண்மை. "இவளுக்கு நல்ல மாவுக் கஞ்சிதான் குடுக்குறேன்."

"அதை நிறுத்தாதீங்க. உப்பு சர்க்கரைத் தண்ணி குடுங்க, நடு நடுவுல கஞ்சி. வேண்டாம்னாலும் ஒவ்வொரு ஸ்பூனா ஊட்டுங்க. சோர்ந்துபோற குழந்தையை வெறும் வயித்துல விடக் கூடாது."

நோயாளியைக் கவனிப்பவர் யாரானாலும் சொல்லக்கூடிய சரியான அறிவுரைதான். எதை நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவள் வாயை மூடிக்கொண்டு நின்றால் சரியான அறிவுரையும் குழந்தையைக் கொல்லும்.

மில்லக்கா வீட்டுக்கு வந்தாள். கிழங்கைத் தோல் உரித்தாள். உரித்ததைத் தின்ன முடியவில்லை. சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, நாத்தனார் வீட்டுக்குப் போனாள்.

வாயாடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பேசவில்லை. அத்தையைப் பார்த்து எழுந்து வர முயன்றாள். முன்னே வர வேண்டியவள் பக்கவாட்டில் போனாள். கையை நீட்டியபோது விரல்கள் உதறின. தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

"வா கண்ணு, இன்னும் ஒரே ஸ்பூன்" என்று நாத்தனார் கிண்ணத்தோடு குனிந்தாள்.

மில்லக்கா கிண்ணத்தைத் தட்டிவிட்டாள். கஞ்சி சுவரில் தெறித்தது.

"என்ன அண்ணி! பைத்தியம் புடிச்சிருக்கா? இருக்கறதே அவ்வளவுதான்!"

"குடுக்காதே. அது விதை மாவு."

"எது?"

"நான் குடுத்த மாவு. எல்லார் வீட்டு விதையையும் அரைச்சேன். ஒவ்வொரு பிடி எடுத்தேன். அதான் இது."

நாத்தனார் உத்தரத்தில் தொங்கும் மூட்டையைப் பார்த்தாள். பிறகு கிண்ணத்தைப் பார்த்தாள். "கோழி தின்னுச்சே?" என்றாள் மெதுவாக. "முட்டை வெச்சுதே?"

"செத்துப்போச்சு."

"நாய் தூக்கிட்டுப் போச்சுன்னீங்களே?"

மில்லக்கா கீழே கிடந்த கிண்ணத்தை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். நாத்தனார் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். வாசலில் நின்று, "புழு வெச்சிருக்கும்னு வந்தீங்களே, அன்னிக்கே தெரியும் இல்ல உங்களுக்கு?" என்றாள்.

"தெரியும்."

"ம்" என்றாள் நாத்தனார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

பள்ளிக்கூட வராந்தாவில் பாதித் தெரு படுத்திருந்தது, மீதித் தெரு விசிறிக்கொண்டிருந்தது. நாத்தனார் குழந்தையை பெஞ்சில் கிடத்திவிட்டு ஒதுங்கி நின்றாள். நீங்களே சொல்லுங்கள் என்பது போல நின்றாள். மில்லக்கா நர்ஸம்மாவுக்கு முன்னால் போய் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்.

"இது என்ன?" என்றாள் நர்ஸம்மா.

"விதைச் சாயம். எல்லாரும் கழுவிச் சாப்பிட்டோம். நான்தான் அரைச்சுக் குடுத்தேன்."

நர்ஸம்மா சட்டென்று எழுந்தாள். "எல்லாரும்னா யார் யார்? இந்தக் குழந்தை கடைசியா எப்போ சாப்பிட்டுச்சு? மூட்டை இருக்கா, அதுல மருந்து பேரு இருக்கும், யாராவது ஓடிப் போய் எடுத்துட்டு வாங்க. உங்க வீட்டுக் கோழி ஆடு ஏதாவது தின்னுச்சா?"

"கோழி தின்னுச்சு. ரெண்டு மூணு நாள் நல்லா இருந்துச்சு. அப்புறம் பக்கவாட்டுல நடந்து செத்துப்போச்சு. நான் புதைச்சுட்டேன்."

தபால்காரர் எழுந்து உட்கார்ந்தார். அவர் மடியில் வாந்திச் சட்டி இருந்தது. "அசலூர் நாய்ன்னு சொன்னியேம்மா" என்றார்.

"பொய் சொன்னேன், அண்ணே."

"பெல்ட்டு?"

"அதுவும்தான்."

"ஏக்கா," என்றாள் சுவரோரம் படுத்திருந்த ஒருத்தி, "கோழி செத்த அன்னிக்கு நீ அந்த மாவைத் தின்னியா?"

இந்தக் கேள்வி வரும் என்று மில்லக்கா எதிர்பார்க்கவில்லை. மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

"இல்ல. அன்னிக்கே நிறுத்திட்டேன்."

ஒரு குழந்தை ஓங்கரித்தது. அதன் தாய் முதுகைத் தடவிவிட்டாள். தபால்காரர் சட்டியை மடியிலிருந்து இறக்கி வைத்தார். "கழுவினா போகும்னு சொன்னது நான். அதையும் சேர்த்துக்குங்க, நர்ஸம்மா." அவர் சொன்னது பெருந்தன்மைதான். ஆனால் அது அவளுடைய பங்கைக் குறைக்கவில்லை, அவளும் குறையும் என்று நினைக்கவில்லை.

நர்ஸம்மாவுக்கு யார் பங்கு எவ்வளவு என்று பார்க்க நேரமில்லை. கஞ்சி எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னாள். மூட்டையிலிருந்த மருந்தின் பெயரைப் போனில் யாருக்கோ எழுத்துக் கூட்டிச் சொன்னாள். நடக்கும்போது தள்ளாடியவர்களை மட்டும் பிரித்து, இருட்டும் முன் படகில் ஏற்றினாள். வாயாடியும் நாத்தனாரும் முதல் படகில் போனார்கள். மில்லக்கா கரைவரை பையைச் சுமந்து வந்தாள். நாத்தனார் படகில் உட்கார்ந்து கையை நீட்டிப் பையை வாங்கிக்கொண்டாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"விதை தொங்குது. பருவம் போயிடும்" என்று மட்டும் ஆற்றைப் பார்த்துச் சொன்னாள். அது அண்ணிக்குச் சொன்னதா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டதா என்று தெரியவில்லை.

"ஏம்மா," என்று கரையில் நின்ற நர்ஸம்மா மில்லக்காவைக் கூப்பிட்டாள். "முன்னாலேயே சொல்லியிருக்கணும்."

"ஆமா."

"சரி. இப்ப யார் வீட்டுல எவ்வளவு மாவு இருக்குன்னு உங்களுக்குத்தானே தெரியும்? ஒரு பிடி மிச்சம் இல்லாம வாங்கணும். என்னால வீடு வீடாப் போக முடியாது." தன் பையிலிருந்து ரப்பர் கையுறை ஒரு ஜோடியை எடுத்துக் கொடுத்தாள். "வெறுங்கையால இனி அதைத் தொடாதீங்க."

மறுநாள் காலை மில்லக்கா கையுறையை மாட்டிக்கொண்டு கோணியோடு தெருவின் முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தாள். சில வீடுகளில் பானையை வாசலில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒருத்தி மாவை அவள் காலடியில் கொட்டினாள். அவள் உட்கார்ந்து மண்ணோடு சேர்த்து வாரிக்கொண்டாள். ஒரு வீட்டில் இல்லை என்றார்கள். "நான் அரைச்சது எனக்குத் தெரியாதா? அடுக்குப் பானைக்குப் பின்னாடி பாரு" என்றாள். இருந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்த தன் டின்னையும் கடைசியாகக் கொட்டினாள். மில்லுக்குப் பின்னால் புரட்டி வைத்த கல்லைத் தள்ளி, கோழியின் குழியை அகலமாகவும் ஆழமாகவும் வெட்டி, எல்லாவற்றையும் உள்ளே போட்டு மூடினாள். பிறகு மில்லுக்குள் போய் மேல்கல்லைக் கழற்றி, வெளியே கொண்டுவந்து, மில் ஓடாது என்று தெருவில் போகிற எல்லோருக்கும் தெரியும்படி வாசலில் மல்லாத்தி வைத்தாள்.

அந்த நேரத்தில் படகுக்காரன் திரும்பி வந்தான். மாவு மூட்டைகள் கொண்டுவந்திருந்தான், நல்ல மாவு. வாயாடிக்கு வாந்தி நின்றுவிட்டது என்றும், கை உதறல் இன்னும் நிற்கவில்லை என்றும், இன்னும் சில நாள் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று டாக்டர் சொன்னதாகவும் சொன்னான்.

"பேசுதா?" என்றாள்.

"அது தெரியலக்கா."

மூட்டை வாங்க வரிசை நின்றது. அவள் அதில் நிற்கவில்லை. நாத்தனார் வீட்டைத் திறந்து, நாற்காலியில் ஏறி, உத்தரத்துக் கயிற்றை அவிழ்த்து, மூட்டையை இறக்கினாள். சுவரில் தெறித்த கஞ்சி காய்ந்திருந்தது. அதை ஈரத் துணியால் துடைத்து, துணியை அடுப்பில் போட்டு எரித்தாள். பிறகு மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நாத்தனாரின் வயலுக்குப் போனாள்.

சேறு காய்ந்து வெடித்திருந்தது. குச்சியால் குத்தி, குழிக்கு இரண்டு மணி போட்டு, காலால் மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டு போனாள். வரப்பில் போனவர்கள் பார்த்தார்கள், நின்று பேசவில்லை. கையுறை ஈரத்தில் வழுக்கியது. அவள் அதைக் கழற்றவில்லை. வெயில் சாய்வதற்குள் பாதி வயல் முடிந்தது. நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை மூச்சு விட்டாள். பிறகு மீதிப் பாதியைத் தொடங்கினாள்.